தூங்கி எழுந்தால்தான் வெள்ளிக்கிழமை

தன்னை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் மண்ணூருக்கு வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அற்புதமேரி காலண்டரில் வியாழக்கிழமைத் தாளைக் கிழித்துத் திருப்பினாள். நைட் ஷிப்ட் முடிந்து வரப்போகும் கணவன் செல்வநாதனுக்கு எழுதினாள்:

"ஜெர்சி அப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலம், கறி கூடாது. பருப்பு உருண்டைக் குழம்பு அடுப்பு மேல கீது, சூடு பண்ணிக்கோங்க. உருண்டை கறி மாதிரியே கீதுன்னு ஜெர்சியே சொன்னா. வாழைக்காய் வறுவல் மூடி வச்சிருக்கேன். நேத்து மிச்ச கறிக்குழம்பைத் தேடாதீங்க. பக்கத்து வூட்டு கனகம் அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

போன வெள்ளி காலையில் அவன் மிச்சக் கறியைச் சட்டியோடு வழித்துத் தின்றிருந்தான். கேட்டதற்கு, "தூங்கி எழுந்தாதான் எனக்கு அடுத்த நாளு. இப்ப இன்னும் வியாழன்தான்" என்றான். ஞாயிறு பூசை வரைக்கும் அவள் அவனோடு பேசவில்லை.

படி இறங்கியவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"நாளைக்கு எனக்கு லீவு. காலையிலயே கறி எடுத்து ஆக்கிடுவேன். வந்ததும் கேக்காதீங்க, உங்க கணக்குல அப்பவும் வெள்ளிக்கிழமைதான். தூங்கி எழுந்திரிங்க, ஊத்துறேன்."