வாசுகி கேட்டுக்கொண்டிருந்தாள்

நவம்பர் 4, திங்கள்

விடியவே மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கணிதக் கொப்பிகள் இன்னும் திருத்தி முடியவில்லை. வாங்க வேண்டியது: வாசுகிக்குப் பேபி பவுடர், உடம்பு துடைக்க மெல்லிய துவாய், அம்மாவின் பிரஷர் குளிசை.

பின்னேரம் நேரே ஆஸ்பத்திரி. தங்கச்சி வாசுகி அப்படியேதான். கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்க்கவில்லை. விபத்துக்குப் பிறகு இத்தனை மாதமாக இதுதான் நிலை.

புதிதாக வந்திருக்கும் டொக்டர் றிஸானா கூப்பிட்டுக் கதைத்தார். மூதூர் ஆள், சின்ன வயது. தலையில் அடிபட்டு அசையாமல் கிடப்பவர்களில் சிலருக்கு உள்ளே நினைவு இருக்குமாம். கேட்குமாம், விளங்குமாம். உடம்புதான் சொன்னபடி செய்யாதாம். மிசின் வைத்துப் பார்க்கலாமாம்.

"நம்பிக்கை தரயில்லை, டீச்சர். பாப்பம் எண்டுதான் சொல்லுறன்."

அம்மாவிடம் சொன்னேன்.

"அவளுக்கு நோகுமோ?"

நோகாது என்றேன்.

"அப்ப செய்யட்டும்." திரும்பவும் வாசுகிக்குத் தலை சீவத் தொடங்கிவிட்டார்.

நவம்பர் 6, புதன்

வெயில். துவாய் வாங்கியாயிற்று, பவுடர் மறந்துபோயிற்று.

இன்று பார்த்தார்கள். வாசுகியின் வலக்கைப் பெருவிரல் அடியில் வயர் ஒட்டினார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு. டொக்டர் அவள் காதருகே குனிந்தார்.

"வாசுகி, பெருவிரலை அசையுங்க."

விரல் அசையவில்லை. கோடு மட்டும் மெல்லச் சிலிர்த்தது.

"இப்ப சும்மா இருங்க." கோடு படுத்தது.

"இண்டைக்கு மழை இல்லை." ஒன்றும் இல்லை.

திரும்ப அசைக்கச் சொன்னார். திரும்பச் சிலிர்த்தது.

தற்செயலாக இருக்காதா என்று கேட்டேன்.

"ஒருக்கா வந்தா அப்பிடிச் சொல்லலாம். அசைக்கச் சொல்லேக்க மட்டும் வருது, டீச்சர். கண்ணுக்குத் தெரியாட்டியும் அவ முயற்சி செய்யிறா. நாங்க கதைக்கிறது விளங்குது."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். "என்ர பிள்ளை உள்ளுக்க இருக்கிறாள்" என்றார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போதுதான் மற்றது உறைத்தது. குமரன். வாசுகியின் கணவன். அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓடியது அவன்தான். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வாசுகிக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் கேட்க அவள் இருக்கிறாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் தலைமாட்டில் நின்று எல்லாரும் கதைத்தார்கள். கிளிவெட்டிப் பெரியம்மா கட்டிலைப் பிடித்தபடி, "அவன் போயிட்டான், இவள் இப்பிடிக் கிடக்கிறாள்" என்று அழுதார். துறைமுகத்தில் குமரனோடு வேலை செய்த பொடியன்கள் அவனின் அந்தியேட்டிக் கிரியைச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார்கள்.

அவ்வளவையும் கேட்டுக்கொண்டு கிடந்தாளா?

நவம்பர் 7, வியாழன்

குசினியில் அம்மாவோடு வாக்குவாதம்.

"சொல்லாதை. தாங்கமாட்டாள். எழும்பட்டும், பிறகு சொல்லுவம்."

"அவளுக்கு முதலே தெரிஞ்சிருந்தா?"

"தெரியாட்டி?"

அடுப்பில் சொதி பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மிசினில் இன்று ஒன்றும் வரவில்லை. பயந்துவிட்டேன். டொக்டர் ஆறுதலாகச் சொன்னார்: "களைச்சுப் போயிருப்பா. சில நாள் வரும், சில நாள் வராது. வரயில்லை எண்டதுக்காக அவ இல்லையெண்டு நினைக்காதீங்க."

முன்பெல்லாம் வாசுகியிடம் வாய்க்கு வந்ததைக் கதைப்பேன். இன்று கூச்சம். மழை, பள்ளிக்கூடம், மீன் விலை. குமரனின் பெயர் வராமல் கதைப்பது எவ்வளவு கஷ்டம். அவள் வீட்டில் எந்தப் பொருளைச் சொன்னாலும் அவன் வந்துவிடுகிறான்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. தடிமன், மூக்கு ஒழுகுகிறது. டொக்டரிடம் குமரன் விசயத்தைச் சொன்னேன்.

"அவட்டயே கேப்பமே. கேக்க விருப்பமோ இல்லையோ எண்டு."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 11, திங்கள்

அம்மா வந்தார். ஆனால் கட்டிலைச் சுற்றிய சீலைத் திரைக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

ஓம் என்றால் விரலை அசைக்கவும், இல்லை என்றால் சும்மா இருக்கவும் என்று டொக்டர் அவளுக்கு விளங்கப்படுத்தினார்.

"உங்கட பேர் வாசுகியா?" சிலிர்ப்பு.

"உங்கட பேர் பாத்திமாவா?" ஒன்றும் இல்லை.

பிறகு நான். அவள் காதருகே குனிந்தேன்.

"வாசு, கூடாத செய்தி ஒண்டு இருக்கு. சொல்லட்டோ?"

கோடு எழும்பியது. எழும்பாது என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"குமரன் இல்லையடி. அண்டைக்கே போயிட்டான்."

கோடு அப்படியே கிடந்தது. பொறுங்கள் என்று டொக்டர் கைகாட்டினார். பொறுத்தேன்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

சிலிர்த்தது. இதுவரை பார்க்காத அளவு நேரம் நின்றது. அவளின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

சீலைத் திரையை விலக்கிக்கொண்டு அம்மா வந்தார். வாசுகியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"இவ்வளவு நாளும் தனியக் கிடந்து அழுதனியோ, என்ர குஞ்சு?"

டொக்டர் மிசினை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. கொப்பிகள் திருத்தி முடிந்தன.

பள்ளிக்கூடம் விட்டுப் போனபோது அம்மா கட்டிலோடு கதிரையை ஒட்டிப் போட்டு இருந்தார். குமரனின் செத்தவீட்டை முதலில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். யார் யார் வந்தது, எந்த மாமி எங்கே நின்று அழுதது, துறைமுகப் பொடியன்கள் தோள் கொடுத்தது, எல்லாம் ஒழுங்காக, ஒன்றும் விடாமல். மிசின் இல்லை. வாசுகி ஓம் சொல்கிறாளா என்று பார்க்க வழியில்லை. அம்மா அதைத் தேடவும் இல்லை.

"நீ அவனுக்கு வாங்கிக் குடுத்த நீலச் சேட்டுத்தான் போட்டது, பிள்ளை. நான்தான் அயன் பண்ணினனான். கொலர் மடிஞ்சு கிடந்தது. பெட்டி மூட முதல் கையை விட்டுச் சரியாக்கிவிட்டனான்."

இது எனக்கும் தெரியாது. நானும் ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.