கனேலாவை இரண்டாம் முறை பார்த்தது

கயாம்பே,
ஞாயிறு

அன்பு மரிசெலா,

அப்பாவும் நானும் சுகம், மலைக்குளிர்தான் ஆளைப் படுத்துகிறது. அங்கே முர்சியாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். போனில் உன் பசு கனேலாவைக் கேட்டு அழுதாயே, அதையே முதலில் எழுதுகிறேன்.

மூன்றாவது சினை ஊசிக்குப் பிறகும் அது பருவத்துக்குக் கத்தியது. இரண்டு மாதம் முன்பு டாக்டரம்மாவும் பார்த்துவிட்டுச் சினை இல்லை என்றார். அப்பா கசாப்புக்காரரைச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. மரத்தில் கட்டி நாலு பேர் பிடித்தும் அது துள்ளின துள்ளலில் டாக்டரம்மாவின் கை முழங்கைக்கு மேல் உள்ளே போகவே இல்லை, அது என்ன பார்வை? இப்போது ஊர் கூடிப் பால் நிலையத்துக்குப் பின்னால் கட்டைக்கூண்டு ஒன்று கட்டியிருக்கிறோம். மாடு நுழைய ஒடுங்கிய வழி, கழுத்தைப் பிடிக்க ஒரு சட்டம், பின்னால் டாக்டர் நிற்க இடம். அதில் நிறுத்தி இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நச்சரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு மாடும் அதற்குள் கால் வைக்கவில்லை. கட்டினதில் அப்பாதான் மேஸ்திரி, கேட்க வேண்டுமா, கத்தித் தீர்த்தார். மாட்டுக்கு அப்படி என்னதான் தெரிகிறது என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாட்டு உயரத்துக்குக் குனிந்து நானே உள்ளே நடந்தேன். "டாக்டரம்மா, முதல்ல இவளைப் பாருங்க" என்றார் உன் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பாதி வழியில் எனக்கே திக்கென்றது, எதிரே சிவப்பாக ஒன்று கையை ஆட்டியது. பார்த்தால் உன் அப்பாவின் கம்பளிப் போர்வை, அந்தப் போஞ்சோ. வேர்க்கிறதென்று கழற்றி முன்கட்டையில் மாட்டியிருக்கிறார், காற்றில் ஆடுகிறது. அதை எடுத்ததும் கனேலா தானாக நடந்து போனது.

டாக்டரம்மா தோள்வரை கையை விட்டு, கண்ணை மூடி நின்றார். பிறகு, "சோய்லாம்மா, கையுறை போட்டுக்கிட்டு நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார். நாலு பெற்றவள் நான், இந்தப் பக்கத்திலிருந்து அறிந்ததில்லை. வெதுவெதுப்புக்கு அப்பால் கூழாங்கல் மாதிரி ஒரு குளம்பு. லேசாக அழுத்தினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டது மகளே! ஏழு மாதமாம். ஐந்தாம் மாதத்தில் கன்று வயிற்றுக்குள் கீழே இறங்கிவிடுமாம், அதனால்தான் அன்றைக்குக் கைக்கு எட்டவில்லையாம். சினை பிடித்த பிறகும் சில மாடு பருவத்துக்குக் கத்துமாம். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை கசாப்புக்காரர் வண்டியோடு வந்தார். அப்பா தன் தப்பை என்றைக்கு ஒத்துக்கொண்டார்? "மாடு கிடையாது. வேணும்னா இந்தப் போஞ்சோவை ஏத்திக்கிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கன்று உன்னுடையது, பெயரை யோசித்து எழுது. மாதா உன்னைக் காக்கட்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஏழாம் மாதத்தில் என் வயிற்றில் நீயும் இப்படித்தான், தொட்டால் காலை இழுத்துக்கொள்வாய். இப்போது நீயும் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்கிறாய், வாரம் ஒரு தடவையாவது போன் பண்ணு.

உன் அம்மா
சோய்லா