கொட்வினின் இடது கிராங்க்

சட்டன், இலண்டன்
கார்த்திகை, மரித்தவர்களின் மாதம்

அன்பு மகள் பெனிற்றாவுக்கு,

ஆண்டவர் காவலில் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். மெல்பேர்னில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா ஒவ்வொரு செபமாலையிலும் உன்னைச் சேர்த்துக்கொள்கிறார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் கொட்வின் அண்ணாவின் பெயரை எடுத்தவுடன் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கடிதம் என்றால் ஆறுதலாக வாசிப்பாய் என்று எழுதுகிறேன்.

போன வருடம் அண்ணாவின் நினைவுத் திருப்பலிக்கு வா என்று கேட்டபோது, அண்ணான்ர சைக்கிள் வாசல் நடையில நிக்கும்வரைக்கும் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டன் அப்பா என்று சொன்னாய். ஸ்பீக்கரில் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். உன்னில் பிழை சொல்லமாட்டேன். செத்தவீட்டுக்கு வந்த அன்று முன்கதவைத் திறந்ததும் உன் கோட் அந்தச் சைக்கிளின் கைப்பிடியில் கொளுவி, அதைக் கழற்றத் தெரியாமல் அப்படியே நின்று அழுதாயே, அது எனக்கும் மறக்கவில்லை. அம்மாவிலும் பிழை இல்லை. கியரெல்லாம் கழற்றிவிட்டு ஒற்றைக் கியர் சைக்கிளாக மாற்றப்போகிறேன் என்று தொடங்கி, பின்பக்கத்தைக் கழற்றிப் போட்ட கிழமையே அண்ணா ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை. பிள்ளை விட்டபடியே நிக்கட்டும், ஒருத்தரும் தொடவேண்டாம் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் அந்த நடையில் ஒருக்களித்து நடந்து பழகிவிட்டேன்.

இந்தக் கோடையில்தான் எனக்கு வாய் வந்தது. இது பிள்ளை விட்டபடி இல்லை அஞ்சலீனா, அவனைக் கொண்டுபோன வருத்தம் விட்டபடி, அவன் செய்ய நினைச்சதை நான் செய்து முடிக்கிறன் என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு, செய்யுங்கோ, ஆனால் பெடல் பூட்டுற அந்தக் கை இரண்டையும் மாத்தக்கூடாது என்றார். கிராங்க் என்பார்களே, அதைத்தான் சொன்னார். ஏன் என்று உனக்குத் தெரியும். அண்ணா நடக்கும்போது இடது கால் கொஞ்சம் உள்ளே திரும்பும், சைக்கிள் ஓடும்போதும் அப்படித்தான், சப்பாத்து உரசி உரசி இடது கிராங்கில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளியாகப் பளபளக்கும். அவன் கால் பட்ட இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம் என்று அம்மாவுக்கு எண்ணம். லோஜினிச் சித்தி மடு மாதா திருவிழாவில் மந்திரித்துக் கொண்டுவந்து தந்த எண்ணெயை வெள்ளிக்கிழமைதோறும் அதில் பூசிக்கொண்டு வந்திருக்கிறார். செயினுக்கு எண்ணெய் விடுவார்கள். கிராங்குக்குப் பூசுகிற ஆள் உலகத்திலேயே உன் அம்மா ஒருவர்தான்.

முன்னால் இருந்த இரண்டு பல்லுச்சில்லில் ஒன்றைக் கழற்றிவிட்டு, செயின் நேராக ஓடும்படி மற்றதை உள்பக்கம் வைத்துப் பூட்டினேன். பின்னுக்கு ஒற்றைப் பல்லுச்சில்லு. பழைய கிராங்குகளை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும்போது, இடதில் பெடல் பூட்டுகிற ஓட்டைக்குப் பக்கத்தில் தலைமயிர் போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கீறல் என்று நினைத்துத் துடைத்தேன், போய்விட்டது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் எண்ணெய் கசிந்து அதே கோடு. கீறலுக்குள் எண்ணெய் இருக்காது, அது வெடிப்பு. ஏறி நின்று மிதித்தால் ஒருநாள் முறிந்து ஆளை ரோட்டில் போட்டுவிடும். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் என் கண்ணுக்குப் பட்டிருக்காது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மறைக்காமல் கொண்டுபோய்க் காட்டினேன். அடுப்பை நிறுத்திவிட்டு, அதைக் குசினி யன்னலடியில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்ப பிள்ளை ஓடித்திரியேக்கையும் இது வெடிச்சுத்தானே இருந்திருக்கும் என்று கேட்டார். ஓம், இருந்திருக்கும் என்றேன். மாதா காப்பாற்றவில்லை என்று அண்ணா போன நாளிலிருந்து அம்மாவின் மனதில் ஒரு கோபம் கிடந்தது உனக்குத் தெரியும். செபமாலை சொல்வார், சுரூபத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அன்றைக்குப் பார்த்தார். எத்தினை நாள் இதில வேலைக்குப் போய் வந்தவன், ஒவ்வொரு பின்னேரமும் மாதா முழுசாத் திருப்பித் தந்திருக்கிறா, நான்தான் எண்ணிப் பார்க்கேல்லை என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன் மகள், மறைக்க என்ன இருக்கிறது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நீங்கள் இதில ஓடவேண்டாம், வேற ஒண்டு போடுங்கோ என்றார்.

அண்ணாவின் கூட்டாளி நிசாந்தன் தன்னிடம் கிடந்த பழைய சைக்கிளிலிருந்து ஒரு இடது கிராங்கைக் கழற்றித் தந்தான். நீளம் ஒன்றுதான், இல்லாவிட்டால் நொண்டி நொண்டி மிதிக்கவேண்டி வரும். சோடி பொருந்தவில்லை, வலது மங்கல், இடது மினுக்கம், பார்த்தவுடன் தெரிகிறது. ஆனாலும் நேராக ஓடுகிறது. வலது கிராங்க் அண்ணாவுடையதேதான். வெடித்ததை அம்மா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், இப்போது எண்ணெய் பூசுவதில்லை. போன ஞாயிறு முதல் பூசைக்கு அதில்தான் போனேன், அம்மா பஸ்ஸில் வந்தார். இனிச் சைக்கிள் தோட்டத்துக் கொட்டிலில் நிற்கட்டும், எடுத்துக்கொண்டு வெளிக்கிட அதுதான் சுகம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். நடையைக் கூட்டித் துடைத்து, சுவரில் சில்லு உரசின கறையை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார். அதை நீயும் விட்டுவிடு.

மார்கழி கடைசிச் சனிக்கிழமை அண்ணாவுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். வா என்று அம்மா கேட்கமாட்டார், நான் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இரவு ஷிப்டுகளைக் குறை. நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு இரண்டு பேரும் உன்னை ஆசீர்வதிக்கிறோம். அங்கே இப்போது வெயில் என்று மெல்லிசாக ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்துவிடாதே, இங்கே நல்ல குளிர். தடித்த கோட் கொண்டு வா. நடையில் இனி அது ஒன்றிலும் கொளுவாது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா சூசைதாசன்