நடந்து காட்டிய சாயங்காலம்

பெங்களூரு

அய்யாவுக்கு மதுமதியின் வணக்கம். பலவாறு ஆலோசித்து, வருகிற சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் புடவை கட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். முட்டிவலி தேவலையா? நீங்கள் போனை எடுக்காததால் எழுதிக் கேட்கிறேன்.

பரமக்குடிக்காரர்கள் பெண் பார்க்க நம் வீட்டுக்கு வந்து வீடியோவில் என்னைப் பார்த்தபோது நான் டிஜிட்டல் கலைக் கூட்டத்தில் இருந்தேன். நம் அசைவுக்குத் திரை எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. அங்கிருந்த சுவர்த்திரையில் நம் உருவம் வண்ணப் புள்ளிகளாக நடக்கும். கையைத் தூக்கினால் நிறம் மாறும்.

மாப்பிள்ளையின் அம்மா, "பிள்ளைய கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க, நிறத்தையும் பாத்துக்கிருவோம்" என்றார். தோழியிடம் போனைக் கொடுத்துச் சுவரைக் காட்டச் சொல்லிவிட்டு நடந்தேன். பச்சையாகத் தெரிந்தது நான்தான். "வேற நிறம் வேணும்னா சொல்லுங்க அத்தை, கையத் தூக்குறேன்" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். இனி யார் நடக்கச் சொன்னாலும் இப்படித்தான் நடப்பேன்.

அம்மாவை வத்தல்பொடி அனுப்பச் சொல்லுங்கள். இங்கே சாம்பார் இனிக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்கவாவது ஒரு தடவை கூப்பிடுங்கள். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

மதுமதி

பி.கு.: மாப்பிள்ளையின் தங்கை பூங்கோதை நேற்று செய்தி அனுப்பி, அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள். தேதியைச் சொன்னேன்.