எண்ணூர் ரோட்டில் நான் ஓடிய ஓட்டம்

டோல்கேட்,
வியாழக்கிழமை.

என் செல்ல மகள் ஷெர்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், கடையும் சுகம், என் முழங்கால்கூடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் அப்பா நடுவில் பிடுங்கித் தன் கதையாக ஆக்கிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். லீவுக்கு வந்திருக்கும் உன் சிநேகிதி ரூத் ஞாயிற்றுக்கிழமை நெதர்லாந்து திரும்புகிறாள், இஞ்சித் தொக்கோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அடுத்த மாதம் முதல் மாரத்தான் ஓடப்போகிறாய், அந்த ஊரில் ஒரு மேடுகூடக் கிடையாது, பறந்துவிடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வருடம் தூத்துக்குடி மாரத்தானில் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். உப்பளத்து ரோடு பலகை போட்ட மாதிரி நீளமாகக் கிடந்தது. தினமும் விடியற்காலையில் என்னோடு ஓடுகிற மலரை உனக்குத் தெரியுமே, முகத்துவாரக்குப்பத்தில் மீன் ஏலம் எடுக்கிறவள், அவளும் நானும்தான் போனோம். கால் தானாகவே போகிறது, மூச்சு வாங்கவில்லை, என் வயதுக்காரிகளை எல்லாம் முந்திக்கொண்டு போனேன். முக்கால்வாசி தூரம் தாண்டினேனோ இல்லையோ, இரண்டு தொடையும் இறுகிப் போய் உப்பு மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வரும் வேனில் என்னையும் ஏற்றி, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் போட்டார்கள். அப்பா ராத்திரி ரயில் பிடித்து ஓடி வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, "சாகுறதுக்கா ஓடுத? போதும்ட்டி" என்றார், அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். உனக்குப் பயம் காட்டக் கூடாதென்று அப்போது லேசாகச் சுளுக்கு என்று சொல்லி வைத்தோம்.

அதற்கப்புறம் ஷூவைப் பரணில் போட்டுவிட்டேன். சர்ச்சில் யாராவது இன்னும் ஓடுகிறீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். ஒருநாள் மலர் கடைக்கே வந்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, அப்பா காதில் விழும்படி, "இன்னாக்கா, ஒரு தபா வேன்ல ஏறினா காலு ஒடஞ்சாபூடும்? நம்ம எண்ணூர் ரோட்லயே இந்த வாட்டி வெக்கிறாங்கோ, நம்ம வூட்டாண்ட நாம ஓடலன்னா வேற எவ ஓடுவா?" என்றாள். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி ஷூ வாசலில் இருந்தது. என்னங்க என்றேன், பரணில் பல்லி வருகிறது என்றார்.

போன ஞாயிறுதான் அந்த ஓட்டம். ஷெர்லின், கண்டெய்னர் லாரிகளை எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள்! எத்தனை வருடம் அந்த ரோட்டில் லாரிக்குப் பயந்து ஓரமாக ஒண்டி நடந்திருக்கிறோம், அன்று நான் நட்டநடுவில் ஓடினேன், டிரைவர்கள் கதவைத் திறந்துவைத்துக் கை தட்டினார்கள். திருவொற்றியூரிலிருந்து முகத்துவாரம் வரை போய்த் திரும்பி இரண்டு சுற்று. முதல் சுற்றில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள், மலரும் போனாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே போனேன். மேடு இருந்தால் அதுவே நம்மை இழுத்து நிறுத்தும். சமதரையில் நம்மை நாமேதான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதே கண்ணு.

இரண்டாவது சுற்றில் வாடைக் காற்று கிளம்பி முகத்தில் அறைந்தது. எனக்கு முன்னால் பீரோ மாதிரி ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான், பெனிட்டோ என்று பேர், மணலி புதுநகராம். அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவன் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தவன் திரும்பி, "இன்னா ஆன்ட்டி, வாடகை குடுக்காம குடியிருக்கீங்களே" என்றான், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குப்பத்துப் பெண்கள் மோரும் தர்பூசணியும் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. இப்போது நீ என் பின்னால் வா தம்பி என்றேன். உங்க பின்னாடி என் ஒரு தோள்கூட மறையாதே என்று முனகிக்கொண்டே வந்தான், ஆனால் வந்தான், கடைசி வரை விடாமல் வந்தான். தூத்துக்குடியில் நான் உட்கார்ந்த தூரம் வந்தபோது தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே தாண்டினேன், தொடை இறுகவில்லை, அங்கிருந்துதான் வேகத்தைக் கூட்டினேன். என்னைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேர் ஒவ்வொருவராக என் பின்னால் போனார்கள்!

முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளைச் சட்டையில் ஒருத்தர், கையில் பைபிள், தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். யாரோ குடிகாரர் என்று நினைத்தேன், உன் அப்பா! கடையில் சத்தம் போட்டுக்கூடப் பேசாத மனுஷர், காலை ஆராதனை முடிந்து நேராக வந்து, "ஓடுட்டி, ஓடு, நிக்காத!" என்று மீன் மார்க்கெட் மாதிரி கத்துகிறார். ஓடினேன். நாலு மணி ஐம்பத்தொரு நிமிடம். மலர் எனக்கு முன்பே வந்து மெடலோடு நின்றாள், மூவரும் ரோட்டிலேயே கட்டிக்கொண்டோம், அப்பா மலருக்குக் கை கொடுத்து, நாளைக்கும் வந்து கூப்பிடும்மா என்றார். பெனிட்டோ வீட்டார் எங்களைக் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன் ஓட்டத்தன்று தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடி, புது ஷூ போடாதே, இரண்டு காலுக்கும் வாஸ்லின் தடவு, மாப்பிள்ளையை வழியில் வாழைப்பழத்தோடு நிற்கச் சொல். நீ வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் அம்மாவுக்கு ஒன்றுதான் என்று எழுத நினைத்தேன், அது சுத்தப் பொய். என் நேரத்தை நீ அடித்துக் காட்ட வேண்டும். முடிந்தால் பார்.

கர்த்தர் உன் கால்களைக் காப்பாராக. முடித்த உடனே போன் செய், உட்கார்ந்து அழுதுகொண்டிருக்காதே.

உனக்கு முந்தியே ஓடிய அம்மா,
ரா. தங்கபுஷ்பம்