பத்தாம் நாள் வரை

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் நம் வீட்டு வாசல் சாக்கடையைக் கழுவியவர்கள் பினாயில் ஊற்றிவிட்டுப் போனார்கள். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து நீங்கள் திரும்பும்போது சட்டையில் அடிக்கும் அதே வாசனை. நீங்கள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இருந்தும் கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தேன்.

தந்தி வந்த அன்றும் உங்கள் சட்டையில் இதே வாசனைதான். ரப்பர் தோட்டத்து ஆட்களை வாரிக்கொண்டுபோன காய்ச்சல் எதனால் பரவுகிறது என்று கண்டறிந்ததற்காக, உங்களுக்கும் பல்கலைக்கழகத்தில் உங்களோடு ஆராய்ந்த பேராசிரியருக்கும் ஐரோப்பாவின் மிகப் பெரிய பரிசு. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து கற்கண்டை நீட்டினார். "நம்ம ஆளுக்கு வெள்ளைக்காரன் பரிசு குடுக்கிறான், பாருங்க!" நீங்கள் இடது கையால் வாங்கினீர்கள். வலது கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

எல்லோரும் போனபின் கேட்டேன். "கையில என்னங்க?"

"ஊசி குத்திடுச்சு. நேத்து. காய்ச்சல் கண்ட எலிக்குப் போட்ட ஊசி."

உங்களோடு வேலை செய்த சீன டாக்டருக்கும் முன்பு அப்படித்தான் குத்தியது. பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தது, அவர் பிழைக்கவில்லை.

"மருந்து இருக்குல்ல?"

"இன்னும் இல்ல. பத்து நாள் பார்ப்போம்."

அந்தப் பத்து நாளும் வீடு நிறைய மாலைகள். கிள்ளானில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் நீங்கள் ஒரு முறை இருமினீர்கள். கைதட்டலுக்கு நடுவே எனக்குக் காது அடைத்துப்போனது. எட்டாம் நாள் உங்கள் உடம்பு சுட்டது. வெயிலில் நடந்து வந்ததால் என்றீர்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தேன்; சூடு தணிந்திருந்தது.

காய்ச்சல் வரவில்லை. பதினோராம் நாள் காலை நீங்கள் வேலைக்குக் கிளம்பினீர்கள். நான் வழியை மறித்தேன்.

"பரிசுதான் வந்திடுச்சே, போதாதா? இனி அங்க போகாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா மருந்து இன்னும் கிடைக்கலையே."

அதன்பின் ஒன்பது வருடம் போய் வந்தீர்கள். கடைசியில் மாரடைப்புதான் உங்களைக் கொண்டுபோனது. இன்றும் கூட்டங்களில் உங்களைப் பயமறியாதவர் என்கிறார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயந்துகொண்டேதான் தினமும் போனீர்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.