கடைசி பவுர்சாக்

அல்மாட்டி, மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

ஷோல்பான் எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியவில்லை: இருவர் பேசிச் சிரித்ததில் பிறந்த காட்சி யாருடையது?

எங்கள் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் இந்த வாரம், தபால் நிலையத்தில் வேலை செய்யும் இரண்டு தோழிகளின் கதை. எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக்கில் கடைசி ஒன்றை, ‘நீ சாப்பிடு’ என்று ஒருத்தி மேசைக்கு ஒருத்தி மாறிமாறித் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். வாரக் கடைசியில் அது கல்லாகி, காகிதம் பறக்காமலிருக்க மேலே வைக்க உதவுகிறது. என்னோடு எழுதும் பகிலாவும் நானும் அப்படித்தான்.

நேற்று தயாரிப்பாளர் மாராத் சொன்னார்: “இனிமே எழுத ஒருத்தர் போதும். அந்தக் காட்சிய எழுதுனது யாருன்னு நாளன்னிக்குச் சொல்லுங்க. அவங்க இருக்கட்டும்.”

“நட்பப் பத்தி எழுதச் சொல்லிட்டு நம்மள முட்டவிடுறாரு பாருங்கக்கா. இதையே அடுத்த வாரம் எழுதிடலாம்” என்றாள் பகிலா. சிரித்தோம். பிறகு அவரவர் மேசைக்குத் திரும்பிவிட்டோம். இந்த வயதில் வேறு வேலை தேட எனக்குத் தெம்பில்லை. அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

கவலைப்படாதீர்கள், எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். யாராவது இந்தப் பக்கம் வந்தால், நீங்கள் உருட்டிக் காயவைக்கும் தயிர் உருண்டை இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புங்கள். பகிலாவுக்கும் பிடிக்கும். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
ஷோல்பான்

மார்ச் 5. நேற்று இதைத் தபாலில் சேர்க்கவில்லை. மாராத் இன்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் பகிலா, “அக்காதான் எழுதுனாங்க” என்றாள். நான் மறுக்கவில்லை. மதியமே மேசையைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டாள்.

தயிர் உருண்டை ஒரு பொட்டலம் போதும்.